பதிவேட்டில் இல்லாத பெயர்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் 'வியா' சோதனைக்கு வேண்டியதெல்லாம் ஒரு ட்ரேயில் அடங்கிவிடும். ஸ்பெகுலம், கையுறை, பஞ்சு சுற்றிய குச்சி, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம், பக்கத்தில் ஒரு நல்ல விளக்கு. கடையில் விற்கும் வினிகரும் ஏறக்குறைய அதே கரைசல்தான். அதனால் அந்த அறையில் ஃப்ரைட் ரைஸ் கடையின் வாடை லேசாக அடிக்கும். பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நல்ல திசு இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்கள் மாறத் தொடங்கிய இடம், பாலாடை படிந்ததுபோல் வெளுக்கும். வெளுத்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இன்னும் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக்கூடிய ஒன்று அங்கே இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் அந்த ஒரு நிமிடம் விளக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர் பெரும்பாலும் ஒரு நர்ஸ். அவருக்கு அதே சோதனையை யாராவது செய்திருக்கிறார்களா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வி என்னுடையதல்ல. முகாமுக்கு வரும் பெண்கள் கேட்பது. "ஏன் நர்ஸம்மா, நீங்க பண்ணிக்கிட்டீங்களா?" என்று மேசையில் ஏறுவதற்கு முன் கேட்டுவிடுவார்கள். ஊசி போடும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லை. இந்தச் சோதனைக்கு மட்டும் கேட்கிறார்கள்.

நர்ஸின் கண்ணை நம்பி இந்த நோயைக் குறைக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000ஆம் ஆண்டு தொடங்கி, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. ஊராட்சிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மற்றப் பகுதிகளில் வழக்கமான சிகிச்சை வசதி மட்டும். அழைத்தவர்களில் 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்களே வினிகர் வைத்துப் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைத்து அழிக்கும் கிரையோதெரபி சிகிச்சையையும் பல நேரம் அங்கேயே அவர்களே கொடுத்தார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. கட்டுப்பாட்டுக் குழுப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது சரியா என்ற சண்டை பின்னால் வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிடைத்த முடிவை அது பொய்யாக்கவில்லை.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. அங்கே சோதித்தவர்கள் நர்ஸ்கள்கூட இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். சாவு 31 சதவீதம் குறைந்தது. டாக்டர் இல்லாமலும் நடக்கும் என்று இரண்டு ஆய்வுகளும் சொல்லிவிட்டன. இரண்டிலும் எண்ணப்பட்டவர்கள் மேசையில் படுத்த பெண்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்களை எண்ணுவது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

இந்தப் பக்கத்தை எண்ணிய ஆய்வுகள் வேறு இடங்களில் இருக்கின்றன. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனை, நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. அங்கே டாக்டர்கள், நர்ஸ்கள், கடைசி ஆண்டு மாணவர்கள் என்று எல்லோரிடமும் கேட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். கர்ப்பப்பை வாய்ச் செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை பற்றி 83 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது. பெண்களில் 81 சதவீதம் பேர் ஒருமுறைகூடச் சோதித்துக்கொள்ளவில்லை. தனக்கு இந்த நோய் வரக்கூடும் என்ற எண்ணமே 65 சதவீதம் பெண்களுக்கு இல்லை. ஆண் பணியாளர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் 26 சதவீதம் பேரின் துணைவியர் மட்டுமே சோதித்திருந்தார்கள். நைஜீரியாவின் நெவி நகர நர்ஸ்களிடம் எடுத்த கணக்கு இன்னும் மோசம். 87 சதவீதம் பேருக்கு இந்தச் சோதனை பற்றித் தெரியும், செய்துகொண்டவர்கள் 5.7 சதவீதம்.

இதைப் படித்ததும் நம் ஊரில் உடனே எடுக்கும் முடிவு, விழிப்புணர்வு முகாம். பேனர், குத்துவிளக்கு, அரை மணி நேரம் பவர்பாயிண்ட், பிறகு சுண்டல். தெரிந்தும் செய்யாதவர்களுக்கு மறுபடியும் தெரிவிப்பதால் என்ன ஆகும்? எண்களைப் பார்த்தால் அறிவு ஓரிடத்தில் நிற்கிறது, செய்கை வேறிடத்தில் நிற்கிறது. நடுவில் இருப்பது என்ன என்பதைப் பேச நமக்குக் கொஞ்சம் கூச்சம்.

முதலில் மேசை. ஒரு சுகாதார நிலையத்தில் மொத்தமே ஏழெட்டுப் பேர். டாக்டர், இரண்டு மூன்று நர்ஸ்கள், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், துப்புரவுப் பணியாளர். இவர்கள் ஒருவருக்கொருவர் பி.பி. பார்ப்பார்கள். "சிஸ்டர், லேசா தலை சுத்துது, பட்டையைச் சுத்துங்க" என்று கையை நீட்ட யாருக்கும் வெட்கமில்லை. விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அப்படித்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வரிசையில் நின்று போட்டுக்கொண்டவர்கள். ஆனால் காலை பத்து மணிக்கு அந்த மேசையில் காலை அகட்டிப் படுத்துவிட்டு, மதியம் ஒன்றரைக்கு அதே சிஸ்டரோடு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாம்பாரைப் பகிர்ந்துகொள்வது வேறு விஷயம். சோதிக்கிறவர் தனக்கு மேலே உள்ளவராக இருந்தால் ஒரு சங்கடம், தான் வேலை சொல்லும் ஜூனியராக இருந்தால் அதைவிடப் பெரிய சங்கடம். கிராமத்துப் பெண்ணுக்கு நர்ஸ் என்பவர் சோதனை முடிந்ததும் மறைந்துபோகும் முகம். நர்ஸுக்கு அது நாளையும் வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு அடுத்த வரியில் கையெழுத்துப் போடும் முகம்.

அடுத்தது, முடிவு யார் காதில் விழும் என்பது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பதில் நம் மருத்துவமனைகள் எப்படி என்று அங்கே வேலை செய்பவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? 'பாசிட்டிவ்' என்ற சொல் எச்.ஐ.வி. காலத்திலிருந்தே கெட்டுப்போன சொல். ஒரு சிஸ்டர் பாசிட்டிவ் என்றால் பாதிப் பேர் கேன்சர் என்று வாசிப்பார்கள், மீதிப் பேர் வேறு மாதிரி வாசிப்பார்கள்.

அந்த 'வேறு மாதிரி'யின் வரலாறு நீளமானது. 1842இல் இத்தாலியின் வெரோனா நகரச் சாவுப் பதிவுகளைப் புரட்டிய ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கன்னியாஸ்திரீகளிடம் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிக அரிது, மணமானவர்களிடம் அதிகம் என்று கவனித்தார். கூர்மையான கவனிப்புதான். ஆனால் நோயோடு ஒழுக்கத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. 1980களில் ஜெர்மனியின் ஹெரால்ட் சூர் ஹௌசன் எச்.பி.வி. வைரஸின் 16, 18 வகைகளைப் பிரித்துக் காட்டினார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்த இரண்டு வகைகள்தான் சுமார் 70 சதவீதக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். உடலுறவு வழியாகப் பரவுவது உண்மை. உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு சமயம் இது தொற்றும் என்பதும், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும் என்பதும் அதே அளவு உண்மை. புருஷனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். நர்ஸுக்கு இதெல்லாம் பாடத்தில் இருந்தது. பாடம் அவருடைய மாமியாருக்கு இருக்கவில்லை. திருமணமாகாத நர்ஸின் நிலை இன்னும் சிக்கல். சோதனை வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தால் அதுவே ஒரு வாக்குமூலமாகிவிடும்.

மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. மருத்துவமனைப் பணியாளர் இந்த நோயை எந்தக் கட்டத்தில் பார்க்கிறார்? வார்டில் அவர் பார்ப்பது கடைசிக் கட்டம். நிற்காத ரத்தப்போக்கு, ஊதுபத்தி ஏற்றியும் அடங்காத நாற்றம், சிறுநீர்க் குழாய் அடைத்து வீங்கிய உடம்பு, கதிர்வீச்சு அறைக்கு வெளியே பெஞ்சில் சுருண்டு படுத்திருக்கும் அம்மா. ஆரம்ப மாற்றத்தோடு வந்து, கிரையோ வைத்துக்கொண்டு, மாலை பஸ் பிடித்து வீட்டுக்குப் போனவர் யார் நினைவிலும் தங்குவதில்லை. அவர் நோயாளியாகவே ஆகவில்லையே. ஆக, புத்தகம் 'முன்பே கண்டால் முழுதாகக் குணமாகும்' என்கிறது, கண் 'இது வந்தால் போச்சு' என்கிறது. அனுபவம் அறிவுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் இடம் இது. சோதனை, காப்பாற்றும் வழியாகத் தெரியாமல் தீர்ப்பைப் போய்க் கேட்பதுபோலத் தெரிகிறது. முலாகோவின் 65 சதவீதத்தினர் 'எனக்கு வராது' என்று சொன்னதை நான் அறியாமை என்று படிக்கவில்லை. பயத்துக்குப் போட்ட போர்வை என்றே படிக்கிறேன்.

நேரமின்மை என்ற காரணத்தைக் கருத்துக்கணிப்புகளில் எல்லோரும் எழுதுகிறார்கள். கிராம சுகாதார செவிலியருக்குக் கர்ப்பிணிகள் கணக்கு, கர்ப்பிணி, குழந்தை விவரங்களை ஏற்றும் பிக்மி பதிவு, புதன்கிழமை தடுப்பூசி, இடையில் கூட்டம். நேரமில்லை என்பது பொய்யல்ல. ஆனால் மூன்று நிமிடச் சோதனைக்கு, அந்தச் சோதனை நடக்கும் கட்டடத்திலேயே நாள் முழுக்க இருப்பவர், நேரமில்லை என்று சொல்லும்போது, கண்ணியமாகச் சொல்லக்கூடிய காரணத்தைச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுகாதாரப் பணியாளர் என்றால் டாக்டரும் நர்ஸும் மட்டுமா? சோதனை முடிந்ததும் ஸ்பெகுலத்தைக் கழுவிக் கொதிக்க வைப்பவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊதியத்தில் உள்ள ஒரு பணியாளர். 'ஆஷா' என்ற ஊர்ச் சுகாதார ஆர்வலர் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர் இருக்கிறார். சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிரசவம், வறுமை என்று இந்த நோய் விரும்பும் சூழலிலிருந்து வருபவர்கள் இவர்களில்தான் அதிகம். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு விழிப்புணர்வை அளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்களைத் தாண்டி நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் அறைக்குப் போய்விடுகிறார்கள்.

நம் கணக்கு எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2022க்கான உலகக் கணிப்பின்படி இந்தியாவில் ஓராண்டில் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் எப்போதாவது இந்தச் சோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டின் சராசரியைப்போல் ஐந்து மடங்கு. பெருமைப்பட்டுக்கொள்ளலாம், பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதை மறக்காமல். தஞ்சாவூரிலும் தேனியிலும் 2007இல் தொடங்கிய முன்னோட்டத்துக்குப் பிறகு, 2012 முதல் மாநிலம் முழுக்க இந்த வசதி இருக்கிறது. 2030க்குள் 70 சதவீதப் பெண்களையாவது சோதித்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

சுகாதாரப் பணியாளர்கள் இயல்பிலேயே தம் உடம்பைக் கவனிக்காதவர்கள் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். ஊருக்கு உபதேசம் என்ற பழமொழியும் கைவசம் இருக்கிறது. அது உண்மையில்லை. 1990களில் அமெரிக்காவில் 4,501 பெண் மருத்துவர்களிடம் எரிக்கா ஃபிராங்க் நடத்திய ஆய்வில், அவர்களுடைய உடல்நலப் பழக்கங்கள் அந்நாட்டின் மற்றப் பெண்களைவிட நன்றாகவே இருந்தன. தான் செய்கிறவர் அதை நோயாளிக்கும் அதிகம் எடுத்துச் சொல்கிறார் என்பதும் அவருடைய ஆய்வுகளில் தெரிந்தது. முகாமில் நம் பெண்கள் கேட்கும் கேள்வியில் உள்ள சூட்சுமம் இதுதான். சொல்கிறவர் செய்திருந்தால் சொல்லும் விதமே மாறிவிடும். 'வலிக்காதும்மா' என்று சொல்வதற்கும், 'ஸ்பெகுலம் போடும்போது ஜில்லுன்னு இருக்கும், மூச்சை நல்லா விடுங்க, உடம்பு தளர்ந்துடும்' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

அப்படிப்பட்ட நாடுகளில் நடப்பது இங்கே நடக்காததற்குக் காரணம் குணமல்ல, ஏற்பாடு. பிரிட்டனில் 1988இலிருந்து வயது வந்த பெண்களுக்குச் சோதனைக்கு வரச் சொல்லி முறைவைத்து வீட்டுக்கே கடிதம் வருகிறது. கடிதத்துக்கு அவர் நர்ஸா, பஸ் ஓட்டுநரா என்பது தெரியாது. இங்கிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் நம் ஊர் நர்ஸுக்கும் அதே கடிதம்தான். அவர் போய்ப் படுப்பது தன் வார்டில் அல்ல, தன் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில், முன்பின் பழகாத இன்னொரு நர்ஸிடம். இங்கே விடுப்புக் கேட்கத் தயங்கிச் சோதனையைத் தள்ளிப்போட்ட அதே பெண்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்து இலங்கையைப் பார்க்கலாம். 1996இலிருந்து அங்கே பெண்களுக்கென்றே 'சுவநாரி' கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதாகும் பெண்களைப் பாப் சோதனைக்குக் குறிவைத்து அழைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுதான் சொல்லிவிடுகிறார். எல்லோரும் அழைக்கப்படுகிறார்கள் என்பதில்லை. அங்கேயும் ஓட்டைகள் உண்டு. எனக்குப் பிடித்தது அந்த வயதுதான். 'உனக்கு ஏதோ இருக்கிறது, வந்து பார்' என்பதில் சந்தேகம் இருக்கிறது. 'உனக்கு 35 ஆகிறது, வந்து பார்' என்பதில் இல்லை. ஓட்டர் ஐடி வாங்குவதுபோல வயதுக்கு வரும் ஒரு வேலை. வெள்ளைப்படுகிறதா, எத்தனை பிரசவம், புருஷன் எப்படி என்ற கேள்விகளுக்கு முன்னாலேயே பெயர் எழுதப்பட்டுவிடுகிறது.

மேசைச் சங்கடத்துக்கு இப்போது இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. எச்.பி.வி. மரபணுச் சோதனைக்கு வினிகரும் வேண்டாம், இன்னொருவர் கண்ணும் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரே ஒரு முறை இந்தச் சோதனை செய்ததே சாவைப் பாதியாகக் குறைத்தது என்று 2009இல் வெளியானது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் முதல் சோதனையாக இதையே பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. மலேசியாவில் 'ரோஸ்' என்ற திட்டம் இதைச் செய்து காட்டுகிறது. பெண் தானே மறைவாகப் பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கிறார், முடிவு அவருடைய போனுக்கு வருகிறது. காசநோய்க்கும் கோவிட்டுக்கும் நம் மருத்துவமனைகளில் ஓடிய ட்ரூநாட் கருவியில் எச்.பி.வி. பார்க்கவும் வழி வந்துவிட்டது. இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பாசிட்டிவ் வந்தால் மேசைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் நூறு பேரும் மேசைக்குப் போவது வேறு, அதில் சிலர் மட்டும் போவது வேறு. அந்தச் சிலரைப் பக்கத்து வட்டார மருத்துவமனைக்கு அனுப்ப முடியும், அன்றைக்குப் பணிநாளாகவே கணக்கு வைக்க முடியும். செலவில்லாத ஏற்பாடு இது. இரண்டு வட்டார மருத்துவ அலுவலர்கள் ஒரு போனில் பேசி முடிக்கக்கூடியது.

பாப் ஸ்மியரின் கதையில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நியூயார்க்கில் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பல ஆண்டுகள் விடாமல் மாதிரி கொடுத்து வந்தவர் அவருடைய மனைவி ஆன்ட்ரோமாக்கி. அவர் வீட்டில் இருந்தவர் மட்டுமல்ல, அதே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். உலகெங்கும் போன இந்தச் சோதனை, மேசையின் இரண்டு பக்கமும் நின்ற ஒரு பெண்ணிடமிருந்து கிளம்பியது. நம்மிடம் வந்து சேர்வதற்குள் ஒரு பக்கம் கழன்றுவிட்டது.

எப்படிக் கழன்றது என்பதைப் பதிவேட்டில் பார்க்கலாம். கிராம சுகாதார செவிலியரிடம் தன் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் கணக்கு இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் யார், சர்க்கரை யாருக்கு, சோதனை முடித்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிச் சொல்வார். அவர் அந்த ஊரில் குடியிருக்காவிட்டால் அவர் பெயர் அதில் இருக்காது. பிள்ளைகளின் பள்ளிக்காகப் பக்கத்து டவுனில் வாடகை வீடு. அந்தத் தெருவுக்கு வேறொரு செவிலியர், வேறொரு தன்னார்வலர். அவர்கள் காலை பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டும்போது இவர் தன் கிராமத்தில் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஒரு நிமிஷ வேலைதாம்மா, வந்துட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். தட்டிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு நேரே 'டோர் லாக்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.